பெட்டியில் அச்சாகாத முகம்

மகளே,

இதை நான் எழுதும்போது நீ என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், பழைய சாரியில் கட்டிய தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். உனக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. நீ இதை வாசிக்கும்போது வாக்குப் போடும் வயதில் இருப்பாய். என்னைவிட உயரமாகவும் இருக்கக்கூடும், உன் அப்பா பக்கத்தில் எல்லாரும் நெட்டை. எனக்கு இப்போது பத்தொன்பது வயது. பெற்ற பிள்ளைக்குப் புத்தி சொல்லும் வயது இது இல்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் உன் விஷயத்தில் ஒரு முடிவை நாங்கள் எடுக்காமல், உனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஏன் அப்படிச் செய்தோம் என்பதை நான் மறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும். தங்கள் பிள்ளையைப் படம் பிடித்து அந்தப் படத்தைத் தொழிலுக்குப் போடும் மற்றத் தாய்மாரும் இதை வாசிக்கட்டும் என்று நினைக்கிறேன். அதனால் மூடி மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் அதிகம் பேசாதவள். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், வாய் மட்டும் திறக்காது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். யாரும் என்னை நிறுத்தவில்லை. வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்றுகொண்டிருப்பதைவிட, கண்டியில் ஒரு தையல் கடையில் குனிந்து உட்கார்ந்திருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. உன் அப்பாவை அங்கேதான் பார்த்தேன். மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதியில் வேலை, காக்கிக் காற்சட்டை. அதே காற்சட்டையை இடுப்பில் சுருக்கித் தரச்சொல்லித் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். கடைசியில் கடைக்கார அக்கா சொன்னார்: "இதுக்கு மேல சுருக்குனா உங்களால குந்த ஏலாது தம்பி. வந்த விஷயத்தச் சொல்லுங்க." அப்படித்தான் நான் கண்டியை ஒட்டிய மஹய்யாவைக்கு, உன் அப்பா வீட்டுக்கு வந்தேன். அப்படித்தான் நீயும் வந்தாய்.

நீ வயிற்றில் இருந்தபோது உனக்காகத் தைத்த சட்டைகளில்தான் எங்கள் தொழில் ஆரம்பித்தது. பிறந்த பிள்ளையின் தோல் எப்படிப்பட்டது என்று ஆஸ்பத்திரித் தாதி சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. கடைச் சட்டைகளில் தையல் உள்பக்கம் இருக்கிறது, அது பிள்ளையை உரசும். நான் தையலை வெளிப்பக்கம் வைத்தேன். பொத்தான் இல்லை, பக்கத்தில் முடிச்சுப் போடும் நாடா மட்டும். வெள்ளைப் பருத்தி. உன் அத்தை மலர், உன் அப்பாவின் அக்கா, அதைப் பார்த்துவிட்டு விற்கலாம் என்றார். இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார். போனில் படம் எடுத்துப் போட்டார். இரண்டு நாள் பார்த்துவிட்டு அவரே அழித்தார். "இது சட்ட மாதிரி இல்லடி, மூக்குத் தொடைக்கிற கைலேஞ்சியக் கொடில போட்ட மாதிரி இருக்கு. தொழில் தெரிஞ்ச ஆளக் கூப்பிடுவோம்" என்றார்.

அப்படி வந்தவர்தான் தர்ஷினி அக்கா. யாழ்ப்பாணத்து ஆள், கண்டிக்கு வந்து பல வருடம். ஹோட்டல்களுக்கும் தேயிலைப் பெட்டிகளுக்கும் பிஸ்கட் கொம்பனிகளுக்கும் படம் எடுக்கிறவர். எங்கள் வீட்டுப் படியேறி வந்து மூச்சு வாங்கியபடி அவர் கேட்ட முதல் கேள்வி எந்தச் சட்டை என்பது இல்லை. "இந்தப் படங்கள் எங்கெங்க போகப்போகுது?" என்றார்.

உன் அப்பா சிரித்தார். "எங்க வேணும்னாலும் போகட்டும் அக்கா. எங்க பிள்ள, எங்க சட்ட, எங்க காசு."

"அப்பிடி எழுத ஏலாது தம்பி. இணையப் பக்கத்தில போடவோ, வாசல் பெயர்ப்பலகையில போடவோ, பெட்டியில போடவோ? ஒவ்வொண்டும் ஒவ்வொரு கதை."

"இப்போதைக்குப் பக்கத்துலயும் வாசல் பலகையிலயும் போட்டாப் போதும்" என்றார் அத்தை. அப்படியே எழுதப்பட்டது. இரண்டு வருடத்துக்கு, எங்கள் பக்கத்திலும் வாசல் பலகையிலும். வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. படத்தில் எதையும் மாற்றக்கூடாது. வேறு இடத்தில் போட வேண்டும் என்றால் முதலில் கேட்க வேண்டும். படத்தின் உரிமை எடுத்தவருக்கே. அதோடு இன்னொரு தாளும் இருந்தது. அதில் உன் முகத்தைப் படம் பிடித்து அதே இரண்டு இடங்களில் போடப் பெற்றோராகிய நாங்கள் சம்மதிக்கிறோம் என்று இருந்தது. உன் அப்பா இரண்டிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். நான் வாசித்தேன். புரிந்ததால் இல்லை. அறையில் புதிய ஆள் இருந்தால் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும், பார்ப்பதற்கு அந்தத் தாள்கள் இருந்தன, அவ்வளவுதான். ஒரு படத்துக்கு ஏன் இரண்டு தாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்? அவர் எங்கள் அறை பல்பை அணைத்தார். உன்னை ஜன்னலுக்குக் கீழே பாயில், வெள்ளைத் துணிமேல் கிடத்தச் சொன்னார். காலை வெயில் எங்கள் ஜன்னலுக்கு நேராக வருவதில்லை. எதிர் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத்தான் வரும். "வெளிச்சம் இன்னும் முகட்டில நிக்குது. இறங்கி வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். வெளிச்சத்துக்காக ஒரு ஆள் காத்திருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்போம், டாக்டருக்குக் காத்திருப்போம். அது நிஜமாகவே இறங்கி வந்தது. ஜன்னல் கம்பியில் தொட்டது, திரையில் தொட்டது, உன் கால் விரலில் தொட்டது. உன் நாடி வரைக்கும் வந்ததும் நீ கண்ணைத் திறந்தாய். ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

கேமராவின் முதுகில் அவர் அதைக் காட்டியபோது குனிந்து பார்த்தேன். உன்னைப் பெற்றவள் நான், நாள் முழுக்க உன்னையே பார்த்துக்கொண்டிருப்பவள். ஆனால் உன் இமை மயிர் உன் கன்னத்தில் நிழல் போடும் என்று எனக்குத் தெரியாது. உன் கன்னத்தில் நான் வைத்த திருஷ்டிப் பொட்டு ஒரு பக்கம் கொஞ்சம் கலைந்து, என் விரல் ரேகைகூடத் தெரிந்தது. உன் கண்மணிக்குள் எங்கள் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் கடுகு அளவுக்கு ஒரு உருவம். "அது ஆர் எண்டு தெரியுதோ? நீங்கள்தான்" என்றார் தர்ஷினி அக்கா. கண் இமைக்கிற நேரத்தில் இவ்வளவும் ஒரு இடத்தில் சேர முடியும் என்றால், நாம் பார்க்காமல் விட்ட நேரங்களில் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்தேன். அன்று முழுதும் வீட்டில் சத்தமாகப் பேசவே எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் படத்தை இணையப் பக்கத்தில் போட்டதும் சட்டை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அக்குறணையில் பிள்ளைச் சாமான் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் உன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். பிறந்த பிள்ளைக்கு வேண்டிய சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் சேர்த்து அழகான பெட்டியில் போட்டு, பார்க்கப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு செட். தன் கடையில் மட்டுமில்லை, கம்பளை, மாத்தளை, குருநாகல் கடைகளுக்கும் அவரே அனுப்புவார். மாதா மாதம் எடுப்பார். உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அது எப்படி இருந்தது என்றால், இந்த ஒற்றை அறையில் தொட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவில் பக்கவாட்டாக நடந்துகொண்டிருந்தவளுக்குத் தனியாக ஒரு தையல் அறை. இன்னும் ஒரு மெஷின். மடுல்கெல்லயில் என்னோடு படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் பெண்களில் இரண்டு பேரையாவது கூப்பிடலாம். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உன் அப்பா கோழி வாங்கி வந்தார்.

அடுத்த வாரம் அவர் கையில் ஒரு பெட்டி வந்தது. ஹாஜியார் அடித்துப் பார்த்த மாதிரிப் பெட்டி. மூடியில் நீ இருந்தாய். மூடி முழுக்க உன் முகம். உன் அப்பா ஹாஜியாருக்குப் போனில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, பின்னால் இளஞ்சிவப்பு மேகங்கள் போட்டிருந்தார்கள். எங்கள் ஜன்னல் வெளிச்சம் போய்விட்டது. உன் கன்னத்தில் பொட்டு இல்லை. யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். அந்த இடம் பூசிய மாதிரி மழமழவென்று இருந்தது.

உன்னை வீட்டுக்கு வெளியே தூக்கிக்கொண்டு போகும்போது பொட்டு வைக்காமல் ஒரு நாளும் போனதில்லை. இப்போது நீ பொட்டில்லாமல் நான்கு ஊர்க் கடைகளுக்குப் போகப்போகிறாய். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று எண்ணவே முடியாது. பெட்டி வெறுமையானதும் அதில் நூல் போடுவார்கள், மருந்து போடுவார்கள், ஒரு நாள் குப்பையில் போடுவார்கள். மழையில் நனைந்து ஏதோ ஒரு ஊர்ச் சாக்கடைக் கானில் உன் முகம் கிடக்கும்.

"நல்லாத்தானே இருக்கு? பளிச்சுனு இருக்கு" என்றார் உன் அப்பா.

"பொட்டக் காணோம்" என்றேன்.

"அத அழுக்குன்னு நெனச்சு அழிச்சிருப்பாங்க. சொன்னாத் திரும்பப் போட்டுருவாங்க."

"தர்ஷினி அக்காட்ட கேட்டீங்களா?"

"ஏன் கேக்கணும்? காசு குடுத்தாச்சு, படம் நம்மளுது. பிள்ள நம்மளுது. இதுல அவுங்க எங்க வாராங்க?"

அத்தை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒனக்குப் புடிக்கலன்னா இப்பவே சொல்லிரு. நீ வாயத் தொறக்குறதுக்குள்ள பெட்டி அச்சாகி, வித்து, பிள்ளைக்குக் கல்யாணமும் ஆயிரும்."

உன் அப்பாவைத் தப்பாக நினைக்காதே மகளே. காசு கொடுத்தால் பொருள் நமக்கு என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த நியாயம். அரிசி அப்படி, துணி அப்படி. படம் அப்படி இல்லை என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எனக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் 'முதலில் கேட்க வேண்டும்' என்று இருந்தது நினைவில் இருந்தது. அவர் வேலைக்குப் போன பிறகு போனை எடுத்தேன். வெளியாள் ஒருவருக்கு நானாகப் போன் எடுத்தது அதுதான் முதல் தடவை. மணி அடிக்கும்போதே வைத்துவிடலாமா என்று இருந்தது. நீ தொட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். வைக்கவில்லை.

"ஓம், சொல்லுங்கோ."

நான் திக்கித் திக்கிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "தங்கச்சி, நீங்கள் சட்டை வெட்டுறதுக்குக் கடதாசியில ஒரு அளவு வெட்டி வச்சிருப்பியள் என்ன?" என்று கேட்டார்.

"ஆமா."

"நான் உங்களிட்ட ஒரு சட்டை வாங்கினால் அந்தக் கடதாசியும் எனக்கு வருமோ?"

"இல்ல."

"அதை எடுத்துக்கொண்டு போய் நான் ஆயிரம் சட்டை வெட்டினால்?"

மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கிய அந்தக் கடதாசியைப் பார்த்தேன். எத்தனை முறை வெட்டி, எத்தனை முறை உன்மேல் வைத்துப் பார்த்து, தோள்பட்டை சரிவராமல் எறிந்து, மறுபடி வெட்டியது.

"அதுதான் கொப்பிரைட். நீங்கள் காசு தந்து எடுத்தது, இன்ன இடத்தில, இன்ன காலத்துக்குப் பாவிக்கிற உரிமையை. பெட்டிக்கு வேணுமெண்டால் கேட்டால் அதுக்கும் எழுதித் தரலாம், அதுக்கு வேற விலை. எல்லா இடத்திலயும் இப்பிடித்தான் எண்டு நினைக்காதேங்கோ. சில பேர் படத்தை முழுசாவே எழுதிக் குடுப்பினம். எழுதாமல் விட்டால் பிறகு சண்டைதான். அதுதான் முதலிலயே எழுதுறது."

"அப்ப நீங்க சரின்னு சொன்னா பெட்டில போடலாமா அக்கா?"

"நான் ஓம் எண்டாலும் போதாது தங்கச்சி. ரெண்டாவது தாள் இருக்கெல்லோ? அது என்ர படத்துக்கு இல்லை, பிள்ளையின்ர முகத்துக்கு. அதிலயும் பெட்டி எண்டு இல்லை. படம் என்ர. முகம் என்ரயில்லை."

"அப்ப யாரோடது? எங்களோடதா?"

"பிள்ளையின்ர. அவ கதைச்சு வேணும், வேண்டாம் எண்டு சொல்லுற வரைக்கும் நீங்கள் காவல். காவலாள் விக்கலாமோ கூடாதோ எண்டது உங்கட மனசு. ஆனால் நல்லா யோசிச்சுப் போட்டு எனக்குச் சொல்லுங்கோ."

போனை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். நீ உன் கையையே அதிசயமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய், அது உன்னுடையதுதான் என்று உனக்கு இன்னும் நிச்சயமாகவில்லை. உன்னைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, துணி மாற்றி, உன்மேல் எனக்குத் தெரியாத இடமே இல்லை என்று இருந்தேன். அதுவரை 'என் பிள்ளை' என்று சொன்னபோதெல்லாம் 'என் மெஷின்' என்று சொல்வதுபோலத்தான் சொல்லியிருக்கிறேன். என்னுடையதாக இல்லாத ஒன்று என் கண்முன்னால் படுத்திருந்தது. ஒற்றைப் படத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் பார். வெளிச்சம் இறங்கும்வரை காத்திருந்தவர் ஒருவர். சட்டை தைத்துக் காசு கொடுத்தவர்கள் நாங்கள். படத்தைப் பார்த்து ஆசைப்பட்ட கடைக்காரர் ஒருவர். எல்லாருக்கும் நடுவில், ஒன்றும் கேட்கப்படாமல், நீ.

அன்று மாலை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சோர்ந்துபோய் உட்கார்ந்தார். "பெட்டில படம் இல்லாட்டி ஹாஜியார் வேணாம்னு சொல்லிருவாரு. நான் வாக்குக் குடுத்துட்டேன். எந்த மூஞ்சிய வச்சுப் போயிச் சொல்றது?"

"நான் போறேன்" என்றேன்.

அத்தை கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "என்னமோ சொன்னாளே, கேட்டியாடா? பஸ்ல டிக்கட் கேக்க வெக்கப்பட்டுக் கண்டிலருந்து வீட்டுக்கு நடந்து வந்தவ இவ."

மறுநாள் உன்னைத் தூக்கிக்கொண்டு, கன்னத்தில் பொட்டு வைத்து, மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். அத்தையும் வந்தார், 'பேச மாட்டேன், வேடிக்கை பார்க்க மட்டும்தான்' என்று சொல்லி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நெருங்கி நின்றன. சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். அக்குறணையில் இறங்கியபோது ஒரு வரியும் நினைவில் இல்லை.

ஹாஜியார் நல்ல மனிதர். கடையில் ஆள் நிறைந்திருந்தும் எழுந்து வந்தார். "வாங்க மகள், இரிங்க. இதுதானா எங்கட பெட்டிப் பிள்ள? மாஷா அல்லாஹ்!" என்று உன் தலையைத் தொட்டார். கதிரை போட்டு, பிளேன்டீ வரவழைத்தார். நான் மாதிரிப் பெட்டியை மேசையில் வைத்தேன். "இத அச்சடிக்க வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"ஏன் மகள்? கலர் புடிக்கல்லியா? மாத்தலாம்."

"படம் எடுத்தவங்கட்ட கேக்கல. அவங்க எழுதிக் குடுத்ததுல பெட்டி இல்ல. எங்களுக்குத் தந்தத நாங்க உங்களுக்குத் தர முடியாது. மாத்தவும் கூடாது. தெரியாமக் குடுத்துட்டாங்க."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "அவங்களுக்கு வேண்டியத நான் குடுக்கிறேன். வேற என்ன?"

"பிள்ளையோட மொகத்தையும் போட வேணாம்."

"மகள், நான் முப்பது வருஷமா யாவாரம் செய்யிறேன். பெட்டியில ஒரு பிள்ளைட முகம் ஈந்தாத்தான் பொம்புளைகள் எடுத்துப் பாக்கும். வெறும் பெட்டிய யார் தொடுவா? முகம் இல்லாட்டி எனக்கு இந்த ஓடர் சரிவராது."

அத்தை என்னைப் பார்த்தார். நான் பிளேன்டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் அறை, மெஷின், இரண்டு பெண்கள் எல்லாம் அந்தக் கோப்பைக்குள் கரைவதுபோல இருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அப்போது நீ ஹாஜியாரைப் பார்த்துச் சிரித்தாய். அவர் என்னோடு விலை பேசிக்கொண்டிருந்த அதே வாயால், தன்னை அறியாமல், மெதுவாக மறுபடியும், "மாஷா அல்லாஹ்" என்றார்.

"ஹாஜியார்" என்றேன், "நீங்க பிள்ளையப் பாக்குறப்ப எல்லாம் அதச் சொல்றீங்க. கண் படக்கூடாதுன்னுதானே? நாங்க பொட்டு வைக்கிறோம். பெட்டியக் கடைல பாக்குற எல்லாரும் அதச் சொல்லுவாங்களா?"

கடையில் எங்களைச் சுற்றி ஆட்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். அவர் பெட்டியை எடுத்து, பொட்டு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இதச் செய்யச் சொல்லி நான் சொல்லல்ல மகள். அச்சுல இருக்கிறவங்க செஞ்சது. நானும் பாத்தேன்தான். சுத்தமா ஈக்குது எண்டு நெனச்சேன்" என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் பேத்தி ஈக்குது" என்றார். "அவள்ட படத்த எங்கட வீட்டுல ஒருத்தரும் போனுல வெளிய போட விட மாட்டோம். உங்கட பிள்ளைய மட்டும் பெட்டியில போடப் பாத்தேன்."

அத்தைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ஹாஜியார், பிள்ளைக்கு மூஞ்சி மட்டுமா இருக்கு? கை இருக்கு, காலு இருக்கு. அன்னைக்கு அந்தம்மா அதெல்லாமும்தானே எடுத்தாங்க" என்றார். அங்கிருந்தே தர்ஷினி அக்காவுக்குப் போன் எடுத்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. வெள்ளைச் சட்டைக் கை, அதன் வெளிப்பக்கத் தையல் ஒவ்வொன்றும் தெரிகிறது. அதற்குள்ளிருந்து வந்த உன் கை, என் சுட்டு விரலைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. நகம் ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு. ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுல சட்டையும் தெரியிது" என்றார், ஏதோ தான் கண்டுபிடித்ததுபோல. முதலில் சொன்ன அளவுக்கு எடுக்கவில்லை. பாதி எடுத்துப் பார்ப்போம், விலைபோனால் மிச்சத்தையும் எடுப்போம் என்றார். தையல் அறை இன்னும் வரவில்லை. மெஷின் ஒன்று வந்தது, மடுல்கெல்லயிலிருந்து ஒருத்தி வந்தாள்.

இந்தத் தடவை எல்லாரும் உட்கார்ந்து எழுதினோம். இந்த ஒரு படம், இந்தப் பெட்டிக்கு மட்டும், இத்தனை காலத்துக்கு, மாற்றாமல். ஹாஜியார் யாவாரி, அவர்தான் நல்ல கேள்வி கேட்டார். "காலம் முடிஞ்ச பொறகு பெட்டி மிஞ்சினா நான் எரிக்கிறதா?" அடித்த பெட்டி தீரும்வரை விற்கலாம், புதிதாக அடிக்கக்கூடாது என்று தர்ஷினி அக்கா அதையும் சேர்த்தார். பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் படம் எடுத்தவர் பெயர் வர வேண்டும் என்றும் சேர்த்தார். மகளே, நீ என்ன தொழில் செய்யப்போகிறாயோ தெரியாது. என்றாவது ஒருவரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னால், என்ன விலை என்று கேட்பதற்கு முன், இந்தப் படம் எங்கெல்லாம் போக வேண்டியிருக்கும் என்று உன்னையே கேள். நாளைக்கு வரக்கூடிய ஆசையையும் அன்றே சொல்லிவிடு. தெரியாவிட்டால், தெரியவில்லை, பிறகு கேட்கிறேன் என்று எழுதிக்கொள். கேட்பதில் வெட்கம் இல்லை. இதைச் சொல்பவள் யார் என்று உனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து உன் அப்பா இணையப் பக்கத்தில் இருந்த உன் முகப் படத்தைத் தானாகவே எடுத்துவிட்டார். நாங்கள் போட உரிமை இருந்த படம்தான். ஆனால் அதை எத்தனை பேர் தங்கள் போனில் வைத்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு முறை வெளியே போன படம் முழுதாகத் திரும்பி வராது. போனவை போனவைதான், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. மிச்சத்துக்கு ஒரு வழி செய்து தாளில் எழுதி வைத்திருக்கிறோம். உன் முகம் தெரியும் படங்கள் எல்லாம் தர்ஷினி அக்காவிடமும் எங்களிடமும் மட்டும் இருக்கும். அவர் தன் வேலையைக் காட்ட அவற்றைப் போட மாட்டார். நாங்கள் எந்தப் பெட்டிக்கும் பலகைக்கும் கொடுக்க மாட்டோம். அவர் எடுத்த படங்களிலேயே மிக நல்லது அந்த ஜன்னல் வெளிச்சப் படம்தான் என்று அவரே சொன்னார். அதை வெளியில் காட்டாமல் வைத்திருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று, ஒவ்வொரு சட்டையையும் எல்லாருக்கும் காட்ட ஆசைப்படும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். உனக்குப் பதினெட்டு வயதானதும், நீ ஓம் என்றால் மட்டும் அவை வெளியே வரும்.

நீ இதை வாசிக்கும் அன்று உனக்குப் பதினெட்டு வயது, அந்தப் படத்தையும் இந்தக் கடிதத்தோடு உன் முன்னால் வைக்கிறேன். நன்றாகப் பார். உனக்கு அது பிடிக்கலாம், ஊர் முழுக்கக் காட்டு என்று நீ சொல்லலாம். பிடிக்காமலும் போகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுத்தவருக்கு அதில் உள்ள உரிமை அப்படியே இருக்கிறது. எங்களுக்கு இருந்த காவல் வேலை மட்டும் முடிந்துவிட்டது. உன் முகத்தைப் பற்றி இதுவரை எல்லாரும் எல்லாரையும் கேட்டுவிட்டார்கள், உன்னைத் தவிர. இப்போது நான் கேட்கிறேன் மகளே. வேணுமா, வேணாமா? அவசரப்படாதே. உன் பதில் வரும்வரை நான் காத்திருப்பேன்.